பம்மி அண்ணன் கடையில் ஓர் உயிரும் போகவில்லை

ஒரு கொலைகூடச் செய்யாமல் பத்துக் கோட்டைகளுக்குள் புகுந்து, பத்திலிருந்தும் முழுசாக வெளியே வந்த மனிதர் மதுரை ஜில்லாவிலேயே ஒருவர்தான். அவர் பம்மி அண்ணன். இதை யாராவது மறுத்தால் எனக்குக் கெட்ட கோபம் வரும்.

கோட்டைகள் எல்லாம் டி.வி.க்குள் இருந்தவை. அதனால் என்ன? வெளியே இருக்கிற கோட்டைக்குள் போனவன் மட்டும் என்ன கிழித்துவிட்டான்?

இரண்டாயிரம் பிறந்து ஓரிரு வருஷம் ஆகியிருந்த சமயம். முனிச்சாலைப் பக்கம் ஒரு சந்தில், ஒரு வீட்டின் முன்னறையில் நாலு டி.வி., நாலு பிளேஸ்டேஷன் வைத்து அவர் கேம் சென்டர் நடத்தினார். நான் பசுமலையில் ஒரு பைக் ஷோரூமின் சர்வீஸ் பிரிவில் இருந்தேன். நான் கஸ்டமரைத் திட்டுவேன், மேனேஜர் என்னைத் திட்டுவார். வீட்டுக்குப் போகத் திருமங்கலம் பஸ் ஏறுவதற்கு முன்னால் அந்த எரிச்சலை எங்காவது இறக்கி வைத்தாக வேண்டும். பம்மி அண்ணன் கடையில் கத்தி, துப்பாக்கி, கராத்தே எல்லாம் இருக்கிறது என்று எவனோ சொன்னான். பத்துப் பேரையாவது வெட்டிச் சாய்க்கலாம் என்று போனேன்.

வாசலில் ஒரு பலகை தொங்கியது. "இங்கே உயிர்க்கொலை கூடாது. மீறினால் ஜாய்ஸ்டிக் பிடுங்கப்படும்."

"என்னண்ணே இது, கேம் சென்டரா, மடமா?" என்று கேட்டேன்.

உள்ளே பாயில் குந்தியிருந்த ஒல்லி மனிதர் திரும்பாமல் ஒரு விரலை உதட்டில் வைத்தார். "மெதுவாப் பேசுங்க தம்பி. ஆளு ஒளிஞ்சிருக்கு."

டி.வி.யில் ஓட்டுக் கூரைமேல் கறுப்பு உடை போட்ட ஒருவன் படுத்திருந்தான். கீழே ஈட்டியோடு ஒரு காவல்காரன் போய்க்கொண்டிருந்தான். அவன் போகிற வரைக்கும் பம்மி அண்ணன் மூச்சு விடவில்லை. அவன் திரும்பி வந்தான். அப்போதும் விடவில்லை. மூன்றாவது சுற்றில் அவர் முகம் கத்திரிக்காய் நிறத்துக்குப் போய்விட்டது. நான்தான் முதுகில் ஒரு தட்டுத் தட்டினேன்.

அந்த விளையாட்டில் ஆள் எப்படிப் பம்மிப் பம்மிப் போகிறானோ, அப்படித்தான் அண்ணனும் தெருவில் போவார். செருப்பு சத்தம் கேட்காது. தெருமுனை வந்தால் முதுகைச் சுவரில் ஒட்டி, தலையை மட்டும் நீட்டி எட்டிப் பார்த்துவிட்டுத்தான் திரும்புவார். ஒருநாள் அப்படி எட்டிப் பார்த்த இடத்தில் ஒரு ஏட்டு நின்றிருக்கிறார்.

"யோவ், எதுக்குய்யா எட்டிப் பாக்குற?"

"வண்டி வருதான்னு பாத்தேன் சார்."

"நடந்துதானய்யா போற?"

"வர்றவன் வண்டியில வரலாம்ல சார்."

ஏட்டு அரை மணி நேரம் யோசித்துவிட்டு அனுப்பிவிட்டாராம். வீட்டில் இன்னும் மோசம். பால் காய்ச்சும்போது பின்னால் வந்து நின்று மூன்று முறை பால் கொட்டியதால், காலில் சலங்கை கட்டிக்கொண்டு அடுப்படிக்கு வரச் சொல்லிவிட்டார் அவர் மனைவி. சலங்கை கட்டியும் சத்தம் வராமல் நடந்தார் என்று கேள்வி.

அந்த நிஞ்சா விளையாட்டின் சிடி ஜப்பானியப் பதிப்பு. எங்கே போக வேண்டும் என்று ஒரு சிவப்புப் புள்ளி காட்டும். எதற்குப் போக வேண்டும் என்பது பக்கம் பக்கமாக ஜப்பான் எழுத்தில் வரும். அதைப் படிக்க மதுரையில் ஆள் கிடையாது. அதனால் பம்மி அண்ணனே ஒரு காரணம் வைத்திருந்தார்.

"தங்கச்சி கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்கப் போறான்."

"பத்திரிகை வைக்கவா ஓட்டு மேல ஏறிப் போவான்?"

"பேச்சுவார்த்தை இல்லாத சொந்தக்காரன் வீடு தம்பி. வாசல் வழியாப் போனா வெளிய தள்ளிருவான். வைக்காம விட்டாலும், 'என்னைய மதிக்கல'ன்னு நாளைக்கி மண்டபத்துல வந்து சண்டை போடுவான். அதான் சத்தமில்லாம உள்ள போயி வச்சிட்டு வந்துர்றான்."

பத்து ஸ்டேஜ், பத்துச் சொந்தக்காரன். அதுவரை அந்த விளையாட்டுக்கு அதைவிட நல்ல காரணம் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. எங்கள் வீட்டிலேயே அப்படி நாலு சொந்தக்காரர்கள் உண்டு.

பத்திரிகை வைக்கப் போகிறவன் வாட்ச்மேனை வெட்டுவானா? மாட்டான். அதுதான் சட்டம். இதைப் புரிந்துகொள்ளாதவன் செல்வம். மாட்டுத்தாவணியில் ஆம்னி பஸ்ஸுக்கு டிக்கெட் போடுகிறவன். நாள் முழுக்க ஆளைப் பிடித்து இழுத்துப் பழகிய கை. ஒருநாள், முதல் ஸ்டேஜில் கொட்டாவி விட்டுக்கொண்டு நிற்கிற காவல்காரனின் கழுத்தில் கத்தியைப் போட்டுவிட்டான். பம்மி அண்ணன் சுவிட்சை அணைத்தார்.

"அவன் உன்னைய என்னடா செஞ்சான்?"

"பொம்மைண்ணே."

"கொட்டாவி விடுறான்டா. பகல்ல வேற எங்கயோ வேலை பாத்துட்டு வந்து நிக்கிறான். அவனைப் போயி..." செல்வத்துக்கு இரண்டு நாள் அனுமதி மறுக்கப்பட்டது. மூன்றாம் நாள் அவன் டி.வி. முன்னால் நின்று மன்னிப்புக் கேட்ட பிறகுதான் ஜாய்ஸ்டிக் கைக்கு வந்தது. மற்ற விளையாட்டுகளுக்கும் இதே நீதிதான். கார் ரேஸில் ரோட்டோரம் போகிறவன்மேல் இடித்தால் வண்டியை நிறுத்திவிட வேண்டும். மல்யுத்தத்துக்கு மட்டும் அனுமதி. "கடைசில எந்திரிச்சு வீட்டுக்குப் போயிருவாங்க" என்பார்.

நான் வெட்டப் போன இடத்தில் ஒளியக் கற்றுக்கொண்டேன். வாயைத் திறந்தால் மாட்டிக்கொள்வோம் என்கிற பயத்தில் ஒரு மணி நேரம் பேசாமல் இருந்தேன். என் ஆயுளில் அதற்கு முன்னால் நான் ஒரு மணி நேரம் பேசாமல் இருந்தது தூங்கும்போதுதான்.

சட்டத்துக்குப் பின்னால் வேறொருவரும் இருந்தார். வீட்டின் சொந்தக்காரர் டீச்சரம்மா. பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். மாடியில் குடியிருந்தார். அவரும் பம்மி அண்ணனும் சௌராஷ்டிராக்காரர்கள். அந்த வீட்டில் எறும்புக்குக்கூட மருந்து போட்டதில்லை. தன் கூரைக்குக் கீழே, டி.வி.யிலும் சரி, வெளியிலும் சரி, ஓர் உயிர் போகக் கூடாது, போனால் அந்த மாதமே காலி செய்ய வேண்டும் என்பது வாடகைப் பேச்சின்போதே போட்ட நிபந்தனை. தினம் சாயங்காலம் நாலு மணிக்கு இறங்கி வந்து, பரீட்சை ஹாலில் நடப்பதுபோல நாலு டி.வி.க்கும் பின்னால் ஒரு நடை நடந்துவிட்டுப் போவார். பம்மி அண்ணன் பயந்து சரி என்று சொன்னவர் இல்லை. அவருக்கும் அதுதான் மனசு. அதனால்தான் அந்த இடத்தையே பிடித்தார்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த கடைக்குச் சனி பிடித்தது. நாலு தெரு தள்ளி, கம்ப்யூட்டர் போட்டு ஏ.சி. வைத்து ஒரு கடை வந்தது. அங்கே போனால் துப்பாக்கியை எடுத்துக் கண்ணில் பட்டவனையெல்லாம் சுடலாம். கும்பல் அங்கே போய்விட்டது. எங்கள் கடையில் மூன்று டி.வி. சும்மா கிடந்தது. நாலாவதில் நான் இருந்தேன்.

"ரெண்டாம் பாகம் வருதாம் தம்பி," என்றார் பம்மி அண்ணன். "அது வந்தா எல்லாரும் திரும்பி வந்துருவாங்க. வரலைன்னா கடையை ஏறக்கட்டிட்டு மச்சினன் ஜவுளிக் கடையில துணி மடிக்கப் போக வேண்டியதுதான்."

எனக்கு இரண்டாம் பாகம் என்றாலே பிடிக்காது. முதல் பாகத்தில் நல்லா இருந்ததையெல்லாம் எடுத்துவிட்டு, நல்லா இல்லாததை இரண்டு மடங்காகப் போட்டு விற்பதற்குப் பெயர்தான் இரண்டாம் பாகம். அதைச் சொல்லவும் சொன்னேன். செல்வம் அதற்குமேல் ஒன்று சொன்னான். அவன்தான் சென்னையிலிருந்து பஸ் பார்சலில் சிடியை வரவழைத்தவன்.

"அண்ணே, இதுல ரத்தம் செவுத்துல தெறிக்குமாம்ணே. முந்தியாச்சும் விழுந்தவன் மறைஞ்சு போயிருவான். இதுல அங்கனயே கெடப்பானாம். கண்ணு முன்னாலயே கெடப்பானாம்."

பம்மி அண்ணன் எச்சில் விழுங்கினார். அதற்குச் சத்தம் கேட்டது. அவரிடமிருந்து நான் கேட்ட முதல் சத்தம் அதுதான்.

செல்வம் இதை ஊருக்கே கேட்கிற குரலில் சொன்னதால் மாடிக்கும் கேட்டுவிட்டது. டீச்சரம்மா படியில் நின்றபடியே சொன்னார். "ஞாயித்துக்கிழமை காலையில பத்து மணிக்கு வாரேன். எனக்கு முன்னாலதான் அதைப் போடணும். ஒரு உயிர் போனாலும் டி.வி.யை மூட்டை கட்டிரணும். சரியா?"

"சரிங்க டீச்சரம்மா."

"நான் வர்றதுக்கு முந்தியே போட்டுப் பாக்கக் கூடாது."

அவர் சொல்லியிராவிட்டால் பம்மி அண்ணன் முந்தின நாளே போட்டுப் பார்த்திருக்கலாம். வேறு எவனாக இருந்தாலும் சொன்ன பிறகும் போட்டுப் பார்த்திருப்பான். இவர் சிடியை உறைகூடப் பிரிக்காமல் மூன்று நாள் அலமாரியில் வைத்துவிட்டார். என் கடையாக இருந்தால் நான் பார்த்திருப்பேன். அதை அவரிடம் கத்தியே சொன்னேன். "மெதுவாப் பேசுங்க தம்பி" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை டீச்சரம்மா குளித்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஸ்டூலில் உட்கார்ந்தார். கையில் ஒரு நோட்டு வேறு. நானும் செல்வமும் பின்னால் நின்றோம். வாசலில் பழைய வாடிக்கையாளர்கள் ஏழெட்டுப் பேர். சிடி உள்ளே போனது.

எடுத்த எடுப்பில் ஒரு வீடியோ. மழை, மின்னல், இரண்டு பேர் வாளை உருவி ஓடி வருகிறார்கள். நான் டி.வி.க்கும் டீச்சரம்மாவுக்கும் நடுவில் போய் நின்றேன்.

"டீச்சரம்மா, உங்களுக்குக் காப்பி சொல்லவா?"

"நகருப்பா."

"இல்ல, டீயி?"

"நீ கண்ணாடியா? நகரு."

நகர்வதற்குள் பம்மி அண்ணன் ஏதோ பொத்தானை அமுக்கி அதைத் தாண்டிவிட்டார். ஸ்டேஜ் வந்தது. ஓட்டுக் கூரை, நிலா, தூரத்தில் நாய் குரைக்கிற சத்தம். பழையதைவிடத் துல்லியமாக இருந்தது. ஓட்டில் பாசி தெரிந்தது. நான் இதை ஒப்புக்கொள்ள விரும்பவில்லை, ஆனால் நன்றாக இருந்தது.

"எங்க போறான் இவன்?" என்றார் டீச்சரம்மா.

"கல்யாணம் முடிஞ்சிருச்சு டீச்சரம்மா. இப்ப தங்கச்சிக்கு வளைகாப்பு. சொல்லப் போறான்."

டீச்சரம்மா நோட்டில் எதையோ எழுதினார்.

காவல்காரன் வந்தான். பம்மி அண்ணன் வழக்கம்போலக் குனிகிற பொத்தானை அமுக்கினார். அங்கேதான் வினை. இரண்டாம் பாகத்தில் பொத்தான்களை மாற்றிவிட்டார்கள். எந்தப் பொத்தானில் முன்பு குனிந்தானோ, அதில் இப்போது வாளை உருவினான். காவல்காரன் முகத்துக்கு நேராகப் பளபளவென்று வாளோடு நிற்கிறான். பொத்தானை மாற்றியவன் மட்டும் என் கையில் கிடைத்திருந்தால், பலகையில் எழுதியிருந்ததை நான் மறந்திருப்பேன்.

"கத்தியை ஏன் எடுத்தான்?" டீச்சரம்மா எழுந்து நின்றுவிட்டார்.

"தொடைக்கிறதுக்கு," என்றான் செல்வம்.

"எதுல தொடைக்கப் போறான்?"

பம்மி அண்ணன் ஓடினார். அதாவது, அவன் ஓடினான். காவல்காரன் கத்திக்கொண்டே துரத்தினான். இரண்டு பேர் சேர்ந்துகொண்டார்கள். செல்வம் என் சட்டையைப் பிடித்து இழுத்தான். "வெட்டுனாத்தாண்ணே தப்பிப்பான்." அவன் வாயை நான் கையால் பொத்தினேன். பம்மி அண்ணன் அத்தனை பொத்தான்களையும் கண்டபடி அமுக்கியதில் நிஞ்சா ஒரு குளத்துக்குள் விழுந்துவிட்டான். செத்தோம் என்று நினைத்தோம். பார்த்தால், தண்ணீருக்குள் முங்கி, ஒரு நாணல் குழாயை வாயில் வைத்து மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறான். முதல் பாகத்தில் இது கிடையாது. காவல்காரர்கள் கரையில் நின்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள்.

"மூச்சு விடுறான்ல?" என்றார் டீச்சரம்மா.

"விடுறான் டீச்சரம்மா."

உண்மையில் விடாமல் இருந்தவர் பம்மி அண்ணன்தான். முதுகில் தட்டினேன்.

கடைசியில் ஒரு மரப்பாலம். பாலத்துக்கு அந்தப் பக்கம் சிவப்புப் புள்ளி. பாலத்தின் நடுவில் ஒரு தடியன் ஈட்டியோடு நின்றான். நகரவே இல்லை. ஐந்து நிமிடம் பார்த்தோம். பத்து நிமிடம் பார்த்தோம். வாசலில் நின்ற ஒருவன் "சோலிய முடிங்கண்ணே" என்று முனகினான். நான் திரும்பிப் பார்த்த பார்வையில் அவன் தெருவுக்கே போய்விட்டான்.

அப்போது திரையின் மூலையில் ஒரு வெள்ளை உருண்டை படம் தெரிந்தது. பக்கத்தில் ஜப்பான் எழுத்து. பம்மி அண்ணன் அது என்னவென்று தெரியாமலே அதை எடுத்து வீசினார். உருண்டை பாலத்தில் உருண்டுபோய்த் தடியன் காலடியில் நின்றது. தடியன் குனிந்து பார்த்தான். எடுத்தான். வாயில் போட்டுத் தின்றான்.

"சோத்து உருண்டை," என்றார் டீச்சரம்மா ஆச்சரியத்தோடு.

அதற்குள் தடியன் தடுமாறி, மல்லாந்து விழுந்துவிட்டான்.

முதல் பாகமாக இருந்தால் விழுந்தவன் மறைந்துபோயிருப்பான். யாரும் எதையும் நிரூபிக்க முடியாது. இப்போது கிடந்தான். செல்வம் சொன்னது சரிதான், கண் முன்னாலேயே கிடந்தான். ஜவுளிக் கடையில் பம்மி அண்ணன் துணி மடிக்கிற காட்சி எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

"செத்துட்டானா?" என்றார் டீச்சரம்மா.

"தூங்குறான் டீச்சரம்மா," என்றார் பம்மி அண்ணன். குரல் வழக்கத்தைவிட மெதுவாக வந்தது.

டீச்சரம்மா ஸ்டூலை டி.வி.க்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, இறக்கி, திரைக்கு நாலு விரல் தூரத்தில் முகத்தை வைத்துத் தடியனின் வயிற்றையே பார்த்தார். நாங்கள் அவர் முதுகையே பார்த்தோம். எங்கள் அப்பாவுக்கு ஆபரேஷன் நடந்தபோதுகூட நான் அப்படி நின்றதில்லை.

"அசையுது," என்றார்.

"என்னது டீச்சரம்மா?"

"வயிறு. ஏறி எறங்குது. மூச்சு வருது."

நான் போய்ப் பார்த்தேன். ஏறி இறங்கியது. கொஞ்சம்தான். புள்ளி புள்ளியாக ஒரு வயிறு, ஏறியது, இறங்கியது. விழுந்தவனை மறையவிடாமல் போட்டதோடு நிற்காமல், அவனுக்கு மூச்சும் வரைந்திருக்கிறான் ஒரு புண்ணியவான். ஜப்பானில் எங்கோ உட்கார்ந்து அதை வரைந்தவனை நான் அந்த நிமிடம் கட்டிப் பிடித்திருப்பேன். பொத்தான்களை மாற்றியவனைக்கூட மன்னித்துவிட்டேன்.

பம்மி அண்ணன் ஆட்டத்தை அப்படியே நிறுத்தி வைத்தார். டீச்சரம்மா அவரிடம் சௌராஷ்டிர மொழியில் ஏதோ சொன்னார். அவர் தலையை ஆட்டினார். மறுபடி சொன்னார். அவர் கையைப் பிசைந்தார். எனக்கு அந்த மொழியில் ஒரு வார்த்தையும் தெரியாது. திட்டுகிறாரா, காலி செய்யச் சொல்கிறாரா ஒன்றும் புரியவில்லை. டீச்சரம்மா நோட்டை மூடிக்கொண்டு படியேறிப் போய்விட்டார்.

"என்னண்ணே சொன்னாங்க? காலியா?"

"சும்மா நிக்கிறவனுக்குச் சோறு போட்டுட்டுப் போறது நல்லாருக்காம். இனிமே எல்லா ஸ்டேஜ்லயும் மொதல்ல சோத்தைப் போடணுமாம்."

"அதுக்கு ஏண்ணே கையைப் பெசஞ்சீங்க?"

"மத்தியானம் மேல வந்து சாப்பிடச் சொன்னாங்க. டீச்சரம்மா கையால சாப்பாடுன்னா உப்பு, காரம் ஒண்ணும் இருக்காது தம்பி."

செல்வம் விசில் அடித்துக்கொண்டே வெளியே ஓடி, "கடை இருக்குடா, எல்லாரும் வாங்கடா," என்று தெருவெல்லாம் கத்தினான். வாசலில் நின்றவர்கள் மற்ற மூன்று டி.வி.யையும் பிடித்துக்கொண்டார்கள். எனக்கு உடம்பிலிருந்து ஒரு மூட்டையை இறக்கியது போல இருந்தது. பாயில் காலை நீட்டி உட்கார்ந்தேன்.

பம்மி அண்ணன் மறுபடி ஜாய்ஸ்டிக்கை எடுத்து ஆட்டத்தைத் தொடங்கினார். ஆனால் பாலத்தைத் தாண்டவில்லை. நிஞ்சாவை ஒரு மரத்துக்குப் பின்னால் கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டு, அவரும் சும்மா உட்கார்ந்தார்.

"போங்கண்ணே. அதான் வழி கெடச்சிருச்சுல்ல."

"இருங்க தம்பி."

"எதுக்கு?"

"தூங்குறான்னு டீச்சரம்மாட்ட சொல்லிட்டேன். அந்த உருண்டையில என்ன எழுதியிருந்துச்சுன்னு எனக்குத் தெரியாதுல்ல. அவன் எந்திரிக்கட்டும். பாத்துட்டுப் போறேன்."

கடை அவர் கையில் பத்திரமாக இருந்தது. டீச்சரம்மா மாடிக்குப் போய்விட்டார். யாரும் இனிமேல் கேட்கப் போவதில்லை. வேறு எந்த மடையனாவது இப்படிச் செய்திருந்தால் ஜாய்ஸ்டிக்கைப் பிடுங்கி நானே பாலத்தைத் தாண்டியிருப்பேன்.

கொஞ்சம் நகர்ந்து உட்காரச் சொல்லி அவர் பக்கத்தில் நானும் குந்தினேன். ரொம்ப நேரம் கழித்துத் தடியன் ஒரு கையை ஊன்றினான். எழுந்தான். தலையைச் சொறிந்துகொண்டு கீழே கிடந்த ஈட்டியை எடுத்துக்கொண்டு, மறுபடி அதே இடத்தில் அதே மாதிரி நின்றான். இருந்த ஒரே உருண்டையும் தீர்ந்துவிட்டதால் இனி பாலத்தைத் தாண்டவே முடியாது, முதலிலிருந்து ஆட வேண்டும். பம்மி அண்ணன் என்னைப் பார்த்துச் சிரித்தார். மறுநாள் ஷோரூமில் நான் ஒருத்தரையும் திட்டவில்லை. மேனேஜர் கூப்பிட்டு உடம்புக்கு என்ன என்று விசாரித்தார்.